பற்றீரியாவின் ஜீன் வரைபடம்: ஒரே ஒரு ஜீனில் இருந்து தொடங்குவது எப்படி

உயர்தரத்தில் உயிரியல் எடுத்தவர்கள், பல்கலைக்கழகத்தில் முதலாம் இரண்டாம் வருடத்தில் இருப்பவர்கள், சில வேளை அவர்களுக்கு ரியூசன் கொடுக்கும் ஆசிரியர்கள் என்று கனபேர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். பற்றீரியாவின் ஜீனோமை, அதாவது அதன் முழு டீஎன்ஏயையும், நாங்களே பார்க்கலாமா, பார்ப்பதென்றால் எங்கே தொடங்குவது? பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் ஒரு அறைக்குள் இருந்து, பழைய மடிக்கணினி ஒன்றையும் போன் டேட்டாவையும் வைத்துக்கொண்டு இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்து முடிக்கலாம். ஆனால் கனபேர் தொடங்கும் விதம் பிழை. முழு ஜீனோமையும் இறக்கி, நாலாயிரத்துச் சொச்சம் பெயர்கள் வரிசையாக நிற்கும் அட்டவணையைத் திறந்து, அரை மணித்தியாலத்தில் களைத்துப்போய் மூடிவிடுகிறார்கள். பிறகு திறப்பதே இல்லை.

நான் சொல்லும் வழி வேறு. ஒரே ஒரு ஜீனை எடுங்கள். அது எங்கே இருக்கிறது என்பது ஒரு கேள்வி, எப்போது வேலை செய்கிறது என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒன்றோடு ஒன்று குழப்பாமல் வேறு வேறாகக் கேளுங்கள். காணி உறுதியில் எல்லையும் இருக்கும், எத்தனை பரப்பு என்றும் இருக்கும். அந்தக் காணியில் இந்த வருடம் வெங்காயம் நட்டார்களா, புகையிலை நட்டார்களா, சும்மா கிடக்கிறதா என்று உறுதியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, நேரில் போய்ப் பார்க்கவேண்டும். ஜீனோம் வரைபடம் உறுதி மாதிரி. ஜீன் வெளிப்பாடு என்பது நேரில் போய்ப் பார்ப்பது.

சொற்களைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. பாடப்புத்தகத்தில் பரம்பரையலகு என்று படித்ததை இங்கே ஜீன் என்றே எழுதுகிறேன், ஏனென்றால் தேடும் இடமெல்லாம் அந்தச் சொல்தான் வரும். கலம், நொதியம், நிறமூர்த்தம் எல்லாம் எங்கள் புத்தகச் சொற்கள்தான், அவை அப்படியே இருக்கட்டும்.

எந்த ஜீன்? கிணற்றைக் கேளுங்கள்

நான் எல்லோருக்கும் கொடுக்கும் முதல் ஜீன், குடலில் வாழும் ஈ.கோலை என்ற பற்றீரியாவின் லாக்-இசெட் (lacZ). உலகம் முழுவதும் பாடப்புத்தகங்களில் இதுதான் வருகிறது, ஆனால் அதற்காக மட்டும் நான் இதைத் தெரிவு செய்யவில்லை. எங்கள் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழைநீர். அந்தக் கல்லில் வெடிப்பும் பொந்தும் அதிகம், நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் மண் மெல்லியதாக இருந்தால் கிருமி வடிகட்டப்படாமலே தண்ணீருக்குள் போய்விடும். அதனால்தான் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கிறோம், அதனால்தான் அறிக்கையில் கோலிஃபோம் (மலக் கலப்புக்கு அறிகுறியாகப் பார்க்கும் பற்றீரியாக் கூட்டம், ஈ.கோலையும் அதில் ஒன்று) என்று ஒரு வரி வருகிறது.

அந்த வரி எப்படி வருகிறது தெரியுமா? தண்ணீரை லக்ரோசு உள்ள வளர்ப்பூடகத்தில் விட்டு, ஏறத்தாழ 35 முதல் 37 பாகை வெப்பத்தில் வைப்பார்கள். கோலிஃபோம் பற்றீரியா இருந்தால் அது லக்ரோசை உடைத்து அமிலமும் வாயுவும் உண்டாக்கும். நிறம் மாறும், உள்ளே கவிழ்த்து வைத்த சின்னக் குழாயில் குமிழி நிற்கும். புதிய முறைகளில் ஓஎன்பிஜி என்ற நிறமற்ற பொருளைச் சேர்ப்பார்கள், அது உடைபட்டால் தண்ணீர் மஞ்சளாகும். இரண்டு முறையிலும் லக்ரோசையோ ஓஎன்பிஜியையோ உடைப்பது பீற்றா-கலக்ரோசிடேசு என்ற நொதியம், ஈ.கோலையில் அதைக் கட்டும் தகவல் லாக்-இசெட் ஜீனில் இருக்கிறது. வடிவாக யோசித்துப் பாருங்கள், அந்தப் போத்தலில் நீங்கள் பார்க்கும் மஞ்சள் "ஜீன் இருக்கிறது" என்று சொல்லவில்லை, "ஜீன் வேலை செய்தது" என்று சொல்கிறது. இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வரைபடத்தில் இடத்தைப் பிடித்தல்

என்சிபிஐ (NCBI) தளத்தில் டீஎன்ஏ தரவுகள் சேர்த்து வைத்திருக்கும் ஜீன்பாங்க் பகுதிக்குப் போங்கள், பணம் எதுவும் கட்டத் தேவையில்லை. தேடும் பெட்டியில் யூ00096.3 என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள். வருவது ஈ.கோலை கே-12 எம்ஜி1655 என்ற இனத்தின் முழு ஜீனோம். 1997இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் பிளாட்னரின் குழு இதை முதலில் வெளியிட்டபோது 46,39,221 எழுத்துகள் (டீஎன்ஏயின் ஏ, டி, ஜி, சி), புரதத்துக்கான ஜீன்கள் 4,288 என்று கணக்கிட்டார்கள், அதில் 38 வீதத்துக்கு என்ன வேலை என்றே அப்போது தெரியாது. பிறகு திருத்தங்கள் வந்தன, இப்போதைய பதிப்பில் 46,41,652 எழுத்துகள்.

முழுக் கோப்பையும் இறக்காதீர்கள், பக்கம் திறப்பதற்கே கனநேரம் எடுக்கும். லாக்-இசெட் என்று தேடி அந்த ஜீனின் பக்கத்துக்கு மட்டும் போனால் போதும். அங்கே 363231 முதல் 366305 வரை என்றும், எதிர் இழை (டீஎன்ஏயின் இரண்டு இழைகளில் மற்றது) என்றும் இருக்கும். இரண்டையும் கொப்பியில் எழுதுங்கள். கணக்குப் பார்த்தால் 3,075 எழுத்துகள், மூன்றெழுத்துக்கு ஒரு அமினோ அமிலம் என்பதால் மூன்றால் வகுத்தால் 1,025, கடைசி மூன்றெழுத்து நிறுத்தற்குறி, ஆக 1,024 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். இப்படி ஒவ்வொரு ஜீனுக்கும் கையால் ஒருதரம் வகுத்துப் பார்க்கச் சொல்வேன். மூன்றால் மீதியில்லாமல் வகுபடாவிட்டால் இலக்கத்தை எங்கோ பிழையாக எழுதியிருக்கிறீர்கள், அல்லது அந்த ஜீன் உடைந்த ஜீன்.

இனி இந்த இலக்கத்தைப் பழைய வரைபடத்தோடு ஒப்பிடுங்கள், இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. டீஎன்ஏயின் எழுத்துகளை வாசிக்கும் முறை வருவதற்கு இருபது வருடத்துக்கு முன்பே ஈ.கோலைக்கு வரைபடம் இருந்தது. 1950களின் நடுப்பகுதியில் பாரிசில் பிரான்சுவா ஜாக்கோபும் எலி வொல்மானும் ஒரு பற்றீரியாக் கலம் இன்னொன்றுக்கு டீஎன்ஏயைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, குறித்த நிமிடங்களில் கலவையைச் சமையலறை பிளெண்டரில் அடித்துப் பிரித்தார்கள். எட்டு நிமிடத்தில் பிரித்தால் எந்தெந்த ஜீன் போய்ச் சேர்ந்திருக்கிறது, பதினெட்டு நிமிடத்தில் பிரித்தால் எவை என்று பார்த்தால், எது முன்னே எது பின்னே என்ற வரிசை வந்துவிடும். அதனால் ஈ.கோலையின் வரைபடம் நிமிடத்தில் அளக்கப்பட்டது, முழு வட்டமும் 100 நிமிடம். சாவகச்சேரி எவ்வளவு தூரம் என்று கேட்டால் கிலோமீற்றரில் சொல்லாமல் "பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம்" என்று சொல்கிறோமே, அதே கணக்கு.

இப்போது நீங்களே செய்யுங்கள். 363231ஐ 4641652ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள். 7.8 வரும். பழைய நிமிட வரைபடத்தில் லாக் இருக்கும் இடம் ஏறத்தாழ 8ஆவது நிமிடம். பிளெண்டரும் கடிகாரமும் வைத்துப் போட்ட வரைபடமும், எழுத்தெழுத்தாக வாசித்த வரைபடமும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. முதல்தரம் இந்தக் கணக்கைப் போட்ட அன்று எனக்கு இரவு நித்திரை வரவில்லை.

பதிப்பு இலக்கம் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். யூ00096க்குப் பின்னால் புள்ளி வைத்து 3 என்று இருக்கிறதே, அந்த 3ஐ விட்டுவிடாதீர்கள். ஒருமுறை இரண்டு பிள்ளைகள் தங்கள் விடைகளை என்னிடம் கொண்டுவந்தார்கள். ஒருவரிடம் லாக்-இசெட் 363231இல், மற்றவரிடம் 362455இல். மாலை முழுவதும் இருந்து சரிபார்த்தோம், இருவரும் இலக்கத்தைச் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். இரண்டாமவர் எடுத்தது பழைய பதிப்பு, .2. புதிய பதிப்பில் வரைபடத்தின் முற்பகுதியில் சேர்க்கப்பட்ட எழுத்துகளால் அதற்குப் பிறகு வரும் எல்லாம் 776 எழுத்து தள்ளிப்போயிருந்தது. இடத்தை எழுதும்போது பதிப்பையும் எழுதுங்கள், பார்த்த திகதியையும் எழுதுங்கள்.

அக்கம்பக்கத்தை வாசித்தல்

இது அவசரப்படாமல், ஆறுதலாகச் செய்யவேண்டிய படி. லாக்-இசெட்டுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? ஒரு பக்கத்தில் லாக்-வை, லாக்-ஏ. மற்றப் பக்கத்தில் லாக்-ஐ, 366428 முதல் 367510 வரை. நான்கும் எதிர் இழையில் இருப்பதால் பெரிய இலக்கத்தில் இருந்து சின்ன இலக்கத்தை நோக்கி வாசிக்கவேண்டும். அப்படி வாசித்தால் முதலில் லாக்-ஐ, பிறகு இசெட், வை, ஏ என்று வரும். புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இந்தத் திசையில்தான். ஒரு கடுதாசியில் அம்புக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

லாக்-ஐ முடியும் இடத்துக்கும் லாக்-இசெட் தொடங்கும் இடத்துக்கும் நடுவில் 366306 முதல் 366427 வரை வெறும் 122 எழுத்துகள். ஜீன்பாங்க் பக்கத்தின் வலப்புறத்தில் குறித்த பகுதியை மட்டும் காட்டச் சொல்லும் பெட்டி இருக்கிறது, அதில் இந்த இரண்டு இலக்கத்தையும் போட்டு, எதிர்நிரப்பு இழையைக் காட்டு என்ற தெரிவையும் போட்டுவிடுங்கள். வரும் 122 எழுத்தையும் கொப்பியில் கையால் எழுதுங்கள். உண்மையாகவே கையால். கண்ணால் மேய்ந்தால் ஒன்றும் படியாது.

எழுதியதில் டி-டி-டி-ஏ-சி-ஏ என்ற ஆறெழுத்தைத் தேடுங்கள். அதில் இருந்து சரியாக 18 எழுத்து தள்ளி டி-ஏ-டி-ஜி-டி-டி இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் புரொமோட்டர், அதாவது டீஎன்ஏயைப் பார்த்து ஆர்என்ஏ எழுதும் நொதியம் வந்து உட்காரும் இடம். ஈ.கோலையின் பல புரொமோட்டர்களை ஒன்றின் கீழ் ஒன்று அடுக்கிப் பார்த்து எடுத்த பொது வடிவம் டி-டி-ஜி-ஏ-சி-ஏ, பிறகு 17 எழுத்து இடைவெளி, பிறகு டி-ஏ-டி-ஏ-ஏ-டி. இப்போது ஒப்பிடுங்கள். லாக்கின் முதல் ஆறில் ஒரு எழுத்து வித்தியாசம், இரண்டாவது ஆறில் இரண்டு எழுத்து வித்தியாசம், இடைவெளி ஒன்று கூட. ஆகவே இது தானாக நன்றாக ஓடக்கூடிய புரொமோட்டர் அல்ல, தள்ளிவிட ஒரு கை வேண்டும். அந்தக் கை சிஆர்பி என்ற புரதம். கலத்தில் குளுக்கோசு தாராளமாக இருக்கும்போது சிஆர்பிக்குத் தேவையான சைக்கிளிக் ஏஎம்பி என்ற சின்ன மூலக்கூறு குறைந்துவிடும், அந்தக் கை வராது. மூன்று எழுத்து வித்தியாசத்தில் இருந்து குளுக்கோசு வரைக்கும் வந்துவிட்டோம், பார்த்தீர்களா.

இன்னும் கொஞ்சம் கீழே போங்கள். ஏ-ஏ-டி-டி-ஜி-டி-ஜி-ஏ-ஜி-சி-ஜி-ஜி-ஏ-டி-ஏ-ஏ-சி-ஏ-ஏ-டி-டி. இந்த 21 எழுத்து ஒப்பரேற்றர், லாக்-ஐ ஜீன் செய்யும் தடுப்புப் புரதம் வந்து பிடித்துக்கொள்ளும் இடம். ஆர்என்ஏ எழுதத் தொடங்கும் புள்ளியும் இதற்குள்தான் விழுகிறது, அதனால் தடுப்பு உட்கார்ந்திருந்தால் எழுத்து வேலை நடக்காது. அதற்கும் கீழே, லாக்-இசெட்டைத் தொடக்கும் ஏ-டி-ஜிக்குச் சற்று முன்னால் ஏ-ஜி-ஜி-ஏ என்று ஒரு துண்டு தெரியும். அது புரதம் கட்டும் இறைபோசோம் வந்து பிடிக்கும் இடம். 122 எழுத்துக்குள் இவ்வளவும்.

இந்த ஏற்பாட்டைத்தான் ஜாக்கோபும் ஜாக் மொனோவும் 1961இல் விளக்கினார்கள், 1965இல் ஆந்த்ரே ல்வோஃபோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. அவர்களிடம் இந்த 122 எழுத்தும் இல்லை. விகாரிகளை (ஜீன் மாறிய பற்றீரியாக்களை) வளர்த்து, எது லக்ரோசு இல்லாமலே நொதியம் செய்கிறது, எது கொடுத்தாலும் செய்யவில்லை என்று பார்த்தே கண்டுபிடித்தார்கள். எழுத்து கையில் இருக்கும் எங்களுக்கு அந்த யோசனையைப் பின்தொடர்வது எவ்வளவு லேசு.

ஒரு விடயம் பாடப்புத்தகப் படத்தில் சரியாகத் தெரிவதில்லை. தடுப்பு முழுதாக மூடிய கதவு அல்ல, எப்போதும் கொஞ்சம் கசிவு இருக்கும். அந்தக் கசிவால் உண்டான ஒருசில மூலக்கூறுகள்தான் முதல் லக்ரோசை உள்ளே எடுத்து, அதை அலோலக்ரோசு என்ற வடிவத்துக்கு மாற்றுகின்றன. அந்த அலோலக்ரோசுதான் தடுப்பை விலக்குகிறது. லாக்-வை இல்லாமல் லக்ரோசு உள்ளே வராது, லாக்-இசெட் இல்லாமல் அலோலக்ரோசு வராது. கசிவு இல்லையென்றால் இந்த ஜீன் ஒருநாளும் எழும்பாது.

முதலில் எதிர்வுகூறல், பிறகு பரிசோதனை

தரவைப் பார்ப்பதற்கு முன் கொப்பியில் எழுதுங்கள்: லக்ரோசும் இல்லை குளுக்கோசும் இல்லை என்றால் என்ன நடக்கும், லக்ரோசு மட்டும் என்றால், குளுக்கோசு மட்டும் என்றால், இரண்டும் இருந்தால்? எழுதிவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போகவேண்டும். விடையைப் பார்த்த பிறகு "நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்று தோன்றும், அந்த நினைப்பை நம்பவேண்டாம்.

ஆய்வுகூட வசதி உள்ளவர்கள், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் படிப்பவர்கள் போல, இதைக் குழாயில் செய்து பார்க்கலாம். இனம் எம்ஜி1655 அல்லது நொதியம் செய்யக்கூடிய வேறு கே-12 இனமாக இருக்கவேண்டும். ஆய்வுகூடங்களில் அதிகம் கிடக்கும் டிஎச்5-அல்ஃபாவை எடுக்காதீர்கள், அதில் லாக்-இசெட் வேண்டுமென்றே அகற்றப்பட்டிருக்கிறது, எவ்வளவு லக்ரோசு கொடுத்தாலும் மஞ்சள் வராது. வளர்க்க கிளிசரோல் உள்ள ஊடகம் நல்லது, அது குளுக்கோசு மாதிரி அடக்காது. ஒரு குழாயில் கிளிசரோல் மட்டும், ஒன்றில் கிளிசரோலோடு ஐபிடிஜி, ஒன்றில் குளுக்கோசோடு ஐபிடிஜி. ஐபிடிஜி தடுப்பை விலக்கும், ஆனால் பற்றீரியாவால் அதை உடைத்துத் தின்ன முடியாது, அதனால் அதன் அளவு கடைசி வரை மாறாமல் நிற்கும். லக்ரோசு என்றால் குறைந்துகொண்டே போகும், கணக்குக் குழம்பும். ஒரு மில்லிமோலர் போதும்.

கலங்கள் நடுவளர்ச்சியில் இருக்கும்போது 600 நனோமீற்றரில் அடர்த்தியை அளந்து, சிறிதளவு எடுத்து, குளோரோஃபோமும் எஸ்டிஎஸ் என்ற சவர்க்காரப் பொருளும் விட்டுக் கலமென்சவ்வைத் தளர்த்தி, ஓஎன்பிஜி சேர்த்த நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல மஞ்சள் வந்ததும் சோடியம் காபனேற்று விட்டு நிறுத்தி, மறுபடியும் நிமிடத்தைக் குறியுங்கள். பிறகு 420இலும் 550இலும் அளவிடுங்கள். 420இன் அளவில் இருந்து 550இன் அளவை 1.75ஆல் பெருக்கிக் கழித்து, அதை ஆயிரத்தால் பெருக்கி, நிமிடம், எடுத்த மில்லிலீற்றர், 600இன் அளவு மூன்றையும் பெருக்கி வரும் தொகையால் வகுத்தால் வருவது மில்லர் அலகு. 1972இல் ஜெஃப்ரி மில்லர் எழுதிவைத்த கணக்கு இன்றைக்கும் அதே. ஐபிடிஜி உள்ள குழாய்க்கும் இல்லாததுக்கும் இடையில் ஆயிரம் மடங்கு வரை வித்தியாசம் வரலாம்.

எங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இந்த முறை 28 பாகைக்கு எழுதப்பட்டது, சித்திரை வைகாசியில் எங்கள் அறையே அதைத் தாண்டிவிடும். நீர்த்தொட்டியில் வெப்பத்தைப் பிடித்து வைக்க முடியாவிட்டால் எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில், பக்கம் பக்கமாக வைத்துச் செய்யுங்கள். வேறு நாளில் எடுத்த இலக்கத்தோடு ஒப்பிடாதீர்கள்.

வீட்டில் இதைச் செய்யலாமா என்று கேட்கிறார்கள். செய்யவேண்டாம். கே-12 இனம் பாதிப்பில்லாதது, ஆனால் கிணற்றில் இருந்தோ மண்ணில் இருந்தோ எடுத்து வளர்த்தால் எது வளர்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. மெலியோயிடோசிஸ் என்ற கடும் நோயைத் தரும் பேர்க்ஹோல்டெரியா இலங்கையின் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிறது. அதை யாரும் தெரியாமல் சமையலறையில் வளர்த்துவிடக்கூடாது.

ஆர்என்ஏயை அளப்பது

நொதியத்தை அளப்பது கடைசிப் பொருளை அளப்பது. ஜீன் எழும்பிய அந்தக் கணத்தைப் பார்க்கவேண்டும் என்றால் ஆர்என்ஏயைத்தான் பார்க்கவேண்டும். பற்றீரியாவின் தூது ஆர்என்ஏ பெரும்பாலும் ஒருசில நிமிடத்தில் பாதி அழிந்துவிடும். குழாயை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய், ஐஸ் தேடி, கதவைத் திறந்து வருவதற்குள் நீங்கள் அளக்கப்போவது மாறிவிட்டது. அழிவை நிறுத்தும் கரைசலை முன்கூட்டியே குழாயில் விட்டு வைத்து, வளர்ப்பை நேரே அதற்குள் ஊற்றுங்கள். கரண்ட் விடயத்தையும் யோசியுங்கள். 2022இல் நாடு முழுவதும் மணிக்கணக்காக மின்வெட்டு இருந்தபோது மறை 80 பாகைப் பெட்டிகளில் இருந்த ஆர்என்ஏயை நினைத்து எத்தனை பேர் கவலைப்பட்டிருப்பார்கள். பிரித்தெடுத்தால் தள்ளிப்போடாமல் அன்றைக்கே அதை சிடிஎன்ஏ (ஆர்என்ஏயைப் பார்த்து எழுதிய டீஎன்ஏ) ஆக்கிவிடுங்கள், அது ஆர்என்ஏ மாதிரிக் கெதியாக அழியாது.

மனிதக் கலத்துக்கு எழுதிய செய்முறையை எடுத்துப் பற்றீரியாவில் செய்பவர்களுக்கு இரண்டு இடத்தில் பிழைக்கும். மனிதக் கலத்தின் தூது ஆர்என்ஏக்கு நீண்ட ஏ-வால் இருக்கிறது, அதைப் பிடித்து இழுத்துப் பிரிக்கலாம். பற்றீரியாவில் அந்த வாலை நம்பிப் பிரிக்க முடியாது. பிரித்தெடுத்த ஆர்என்ஏயில் மிகப் பெரும்பகுதி இறைபோசோம் ஆர்என்ஏதான், அதை வேறு வழியில் அகற்றவேண்டும். இரண்டாவது இன்னும் கவனமாகப் பார்க்கவேண்டியது. மனித ஜீன்களில், ஆர்என்ஏயாக எழுதியபின் வெட்டி அகற்றப்படும் இடைத்துண்டுகள் இருப்பதால், பிசிஆரில் படியெடுத்து அளக்கும்போது டீஎன்ஏயில் இருந்து வந்த சைகையையும் ஆர்என்ஏயில் இருந்து வந்த சைகையையும் நீளத்தை வைத்துப் பிரிக்கலாம். லாக்-இசெட்டில் இடைத்துண்டு இல்லை, இரண்டும் ஒரே நீளம். ஆகவே டீஎன்ஏயை நொதியம் போட்டு அழித்தே ஆகவேண்டும், அழிந்துவிட்டது என்று காட்ட, சிடிஎன்ஏ ஆக்கும் நொதியம் போடாத ஒரு குழாயையும் கூடவே ஓட்டவேண்டும். அந்தக் குழாயிலும் சைகை வந்தால் நீங்கள் அளந்தது உறுதியை, தோட்டத்தை அல்ல.

ஆய்வுகூடம் இல்லாதவர்களுக்கு

உலகில் யாரோ செய்து முடித்த ஆர்என்ஏ வாசிப்புகள் என்சிபிஐயின் எஸ்ஆர்ஏ களஞ்சியத்தில் எல்லோருக்கும் திறந்து கிடக்கின்றன. ஒரு மாதிரிக்கே கிகாபைட் கணக்கில் இருக்கும், அதை டேட்டாவில் இறக்கினால் மாதக் காசு ஒரே நாளில் போய்விடும். இறக்கவேண்டாம். கலக்ஸி என்ற இலவசத் தளத்தில் கணக்குத் திறந்து, மாதிரியின் இலக்கத்தை மட்டும் கொடுத்தால், அது களஞ்சியத்தில் இருந்து தன் சேவருக்கு நேரே எடுத்துக்கொள்ளும். உங்கள் கணினி உலாவியைத் திறந்து வைத்திருந்தால் மட்டும் போதும், கரண்ட் போனாலும் அங்கே வேலை ஓடிக்கொண்டிருக்கும். இந்த ஊரில் இருந்து இந்தத் துறைக்கு வர நினைக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

ஒரே ஆய்வில் இருந்து, ஈ.கோலை எம்ஜி1655, ஒரு நிலைக்குக் குறைந்தது மூன்று மாதிரிகள் உள்ளதாகத் தெரிவு செய்யுங்கள். ஃபாஸ்ட்கியூசியில் தரம் பார்த்து, பௌடை2இல் வரைபடத்தோடு பொருத்தி, ஃபீச்சர்கவுண்ட்ஸில் ஒவ்வொரு ஜீனுக்கும் எத்தனை வாசிப்பு என்று எண்ணி, டீசெக்2இல் இரண்டு நிலைகளையும் ஒப்பிடவேண்டும். இவற்றை எப்படி அழுத்துவது என்று கலக்ஸியிலேயே பயிற்சிப் பக்கங்கள் இருக்கின்றன, நான் திருப்பி எழுதவில்லை.

ஆனால் எண்ணும் படியில் இழைத் திசை என்று ஒரு தெரிவு இருக்கிறது, அதில் மட்டும் நிதானியுங்கள். மாதிரி தயாரித்த விதத்தைப் பொறுத்து அதை மாற்றவேண்டும். பிழையாகக் கொடுத்தால் லாக்-இசெட்டுக்கு ஏறத்தாழப் பூச்சியம் வரும், ஜீன் தூங்குகிறது என்று முடிவெடுத்துவிடுவீர்கள். சரிபார்க்க வழி லேசு. எப்போதும் ஓடும் இறைபோசோமப் புரத ஜீன் ஒன்றின் எண்ணிக்கையைப் பாருங்கள், அதுவும் பூச்சியத்துக்குப் பக்கத்தில் என்றால் தூங்குவது ஜீன் அல்ல, தெரிவுதான் பிழை. பிறகு பொருத்திய கோப்பை ஐஜிவி என்ற, வரைபடத்தைக் கண்ணால் பார்க்கும் மென்பொருளில் திறந்து 363231க்குப் போய்க் கண்ணால் பாருங்கள். லாக்-இசெட்டில் இருந்து வை, ஏ என்று வாசிப்புகள் தொடர்ந்து பரவியிருந்தால், மூன்றும் ஒரே ஆர்என்ஏயாக எழுதப்படுகின்றன என்று புத்தகத்தில் படித்தது உங்கள் திரையிலேயே தெரியும்.

அடுத்த ஜீன்

லாக்-இசெட் முடிந்தால் யூஐடி-ஏ (uidA) என்ற ஜீனை எடுங்கள். கிணற்றுப் பரிசோதனையின் இரண்டாம் பாதி அதுதான். புதிய முறையில் கோலிஃபோம்களுக்குள் ஈ.கோலையைத் தனியாகப் பிரித்துக் காட்டுவது, புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரச் செய்யும் அந்த ஜீனின் நொதியம். வரைபடத்தில் 36ஆவது நிமிடத்தை அடுத்து இருக்கும். சரியான இலக்கத்தையும் திசையையும் முன்னால் யார் நிற்கிறார்கள் என்பதையும் நீங்களே தேடுங்கள்.

அதற்குப் பிறகு ஈ.கோலையை விட்டு எங்கள் பனைக்கு வரலாம். சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள். அந்தப் புளிப்பில் மதுவத்தோடு சேர்ந்து வேலை செய்யக்கூடியது சைமோமோனாஸ் மொபிலிஸ் என்ற பற்றீரியா, பனை இனக் கள்களில் காணப்படுவது. அதன் இசெட்எம்4 என்ற இனத்தின் ஜீனோம் 2005இல் வெளிவந்தது, 20,56,416 எழுத்துகள், ஈ.கோலையில் பாதிகூட இல்லை. அந்த இனம் எங்கள் பனங்கள்ளில் இருந்து எடுத்ததல்ல, ஆனால் இனி வரும் ஒரு பிள்ளை எங்கள் பனையில் இருந்து எடுத்ததை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்பது என் ஆசை. இப்போதைக்கு ஏஇ008692 என்ற இலக்கத்தைத் திறந்து, சீனியை மதுசாரமாக்கும் வழியில் உள்ள பிடிசி ஜீனைத் தேடி, இடம், திசை, பதிப்பு மூன்றையும் எழுதுங்கள். இங்கே பிளெண்டரில் போட்ட நிமிட வரைபடம் துணைக்கு இல்லை. ஜீனுக்கு முன்னால் இருக்கும் இருநூறு எழுத்தையும் கொப்பியில் எழுதிவிட்டு, டி-டி-ஜி-ஏ-சி-ஏக்குக் கிட்டவான ஆறெழுத்து எங்கே நிற்கிறது என்று பென்சிலால் தேடத் தொடங்குங்கள்.